காய்ச்சல் என்றுதான் சொன்னார்கள்

ஜூன் 4

அக்காவுக்கு,

இதைப் பிரித்துப் படிப்பாயா, அப்படியே அடுப்பில் போடுவாயா என்று தெரியவில்லை. பேக்கரியில் அடுப்புக்கா பஞ்சம்? அம்மா இறந்ததிலிருந்து பதினொரு மாதமாக என் போனை நீ எடுக்கவில்லை. நாலு மாதம் அடித்துப் பார்த்துவிட்டு நானும் ரோஷத்தில் விட்டுவிட்டேன். போன வாரம் அம்மாவின் மருந்துச் சீட்டுகளைக் கழித்துக்கொண்டிருந்தபோது ஒரு சீட்டின் பின்பக்கம் உன் பேக்கரி முகவரி இருந்தது. அம்மாவின் கையெழுத்து. உன்னோடு பேச்சே இல்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவள் முகவரியை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

எனக்கு ஆஸ்பத்திரிப் பயிற்சி தொடங்கிவிட்டது. இரண்டு வருடம் வகுப்பில் எலும்புக்கூட்டோடு மல்லுக்கட்டியாகிவிட்டது, இப்போது சதையும் வலியுமாக மனிதர்கள் வருகிறார்கள். எக்ஸ்ரே அறையில் ஜன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்று வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். கதிர் படாமல் தடுக்கும் ஈய ஏப்ரனைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நின்றால் சாயங்காலம் தோள் இரண்டும் கழன்று விழுகிற மாதிரி இருக்கிறது.

முதல் நாளே மானம் போயிற்று. ஒரு பெரியவருக்கு நெஞ்சு எக்ஸ்ரே. "மூச்ச நல்லா இழுத்துப் புடிங்க" என்றேன், பட்டனை அழுத்தினேன், திரையில் படம் வந்த சந்தோஷத்தில் "விடுங்க" என்று சொல்ல மறந்துவிட்டேன். அவர் கன்னத்தை உப்பிக்கொண்டு பலகையைக் கட்டிப்பிடித்தபடி நிற்கிறார். முகம் கத்தரிக்காய் நிறமாகிவிட்டது. எங்களுக்குப் பயிற்சி கொடுக்கும் சீஃப் மேடம் ஓடிப்போய் முதுகைத் தட்டினார். அந்த மனிதர் மூச்சு வாங்கிக்கொண்டே, "ஏம்மா, இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா நேரா மேல போயிருப்பேனே" என்றார்.

சிரித்துவிட்டு வந்தாலும் ஒன்று கஷ்டமாக இருக்கிறது. எல்லோரும் கேட்கிறார்கள், "என்னம்மா தெரியுது?" திரையில் தெரிவது எனக்கும் கொஞ்சம் புரிய ஆரம்பித்துவிட்டது. ஆனால் சொல்லக் கூடாது. "டாக்டர் சொல்லுவாங்க" என்று மட்டும்தான். "வாய மூடுறது ஈசிம்மா, மூஞ்சிய மூடுறதுதான் கஷ்டம்" என்கிறார் சீஃப் மேடம். முப்பது வருடமாக அவர் முகத்தை மூடி வைத்திருக்கிறார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்கு இருபத்தாறாம் தேதி கண்புரை ஆப்பரேஷன். ஒரு வாரம் கூட யாராவது இருக்க வேண்டும். எனக்குக் காலை எட்டிலிருந்து நாலு வரை பயிற்சி, தொடர்ந்து லீவு கொடுக்கமாட்டார்கள். நீ ஒரே ஒரு வாரம் வா.

அம்மா போன அன்று வந்தாய். வீட்டுக்குள் காலடி வைக்கவில்லை. எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றாய். அப்பா வெளியே வந்து "உள்ள வாம்மா" என்று கூப்பிட்டார். நீ திரும்பி நடந்துவிட்டாய். அன்று நடுத்தெருவில் உன்னைப் பார்த்து நான் கத்தியது தப்புதான், மன்னித்துவிடு. ஆனால் அக்கா, அப்பா அப்படி என்னதான் செய்தார்?

சில்லு


ஜூன் 13

சில்லு,

கடிதம் வந்தது. அடுப்பில் போடவில்லை.

என்னால் வர முடியாது. காரணம் கேட்காதே. பக்கத்து வீட்டில் யாரையாவது பகலில் பார்த்துக்கொள்ளச் சொல். சொட்டு மருந்தை நேரத்துக்குப் போட்டால் போதும், அது ஒன்றும் பெரிய ஆப்பரேஷன் இல்லை.

இங்கே ஒரு பெரிய அடுப்பு பழுது. மற்றதில் இரண்டு மடங்கு ரொட்டி. சூடான தட்டு பட்டுப் பட்டு முன்கை முழுக்கக் கோடு கோடாகத் தழும்பு. புதிதாக வந்த பெண் என்னைப் புலி என்று கூப்பிடுகிறாள்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு. ஏப்ரனைக் கழற்றிவிட்டு முதுகை நிமிர்த்தி உட்கார்.

குழந்தைகள் எக்ஸ்ரேவுக்கு வந்தால் அதட்டாதே. கீழே உட்கார்ந்து, அவர்கள் முகத்துக்கு நேராக உன் முகம் இருக்கிற மாதிரி பேசு.

அக்கா


ஜூலை 1

அக்கா,

அப்பாவின் ஆப்பரேஷன் முடிந்தது. இரண்டு நாள் லீவு கிடைத்தது, அதற்குமேல் மாடிவீட்டு டீச்சர் பார்த்துக்கொண்டார். உன் கடிதத்தில் 'அப்பா' என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனித்தேன். சொட்டு மருந்துக்கு இருக்கிற மரியாதைகூட அவருக்கு இல்லை. சரி, சண்டை போட எழுதவில்லை. வேறொன்று கேட்க எழுதுகிறேன். இதற்காவது நேராகப் பதில் சொல்.

பயிற்சி மாணவர்களுக்கெல்லாம் உடல் பரிசோதனை வைத்தார்கள். அதில் நெஞ்சு எக்ஸ்ரேவும் உண்டு. ஒருவரை ஒருவர் மாற்றி மாற்றிக் கேலி செய்துகொண்டு நின்றோம். என் படம் திரையில் வந்ததும் சீஃப் மேடம் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டார்.

"ஏம்மா, சின்ன வயசுல எங்கயாவது பலமா விழுந்தியா?"

"இல்லையே மேடம்."

இடது பக்கம், முதுகுப்புறமாக, ஏழாவது எட்டாவது விலா எலும்புகள். இரண்டுக்கும் நடுவில் பாலம் போட்ட மாதிரி எலும்பு வளர்ந்து அவற்றைச் சேர்த்துவைத்திருக்கிறது. ரொம்பப் பழைய முறிவாம். சின்னக் குழந்தைகளின் எலும்பு பெரும்பாலும் சுவடே இல்லாமல் ஆறிவிடும், இது நன்றாக உடைந்ததால் இப்படிச் சேர்ந்துவிட்டது என்றார். "ஆறிடுச்சு, ஒண்ணும் பயமில்ல" என்றும் சொன்னார். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் முகம் மூடியிருந்தது. அந்த முகத்தை நான் ஒரு மாதமாகப் பார்க்கிறேன் அக்கா.

எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் ஆறு வயதில் வந்த நிமோனியாக் காய்ச்சல்தான். மூச்சு விட்டால் வலிக்கும். பத்து நாள் படுக்கை. அப்பா ஆபீஸ் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். முட்டியில் பலகையை வைத்து ஏதோ வரைந்துகொண்டே கதை சொல்வார். ஸ்பூனால் ஐஸ்கிரீம் ஊட்டுவார். காய்ச்சல்காரப் பிள்ளைக்கு ஐஸ்கிரீம் கொடுக்கும் அப்பா யாருக்குக் கிடைப்பார்? என் வாழ்க்கையிலேயே நல்ல நாள் எது என்று கேட்டால் அந்தப் பத்து நாளைத்தான் சொல்வேன்.

அப்பாவிடம் கேட்டேன். "காய்ச்சல்தாம்மா" என்றார். அப்புறம் தட்டில் கை வைக்கவில்லை.

காய்ச்சலில் விலா எலும்பு உடையாது அக்கா. அது மட்டும் எனக்குத் தெரியும்.

சில்லு


ஜூலை 9

சில்லு,

நீ கட்டிலிலிருந்து விழுந்துவிட்டாய். அவ்வளவுதான். அம்மா பயந்துபோய்க் காய்ச்சல் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

பழையதைக் கிளறாதே. படிப்பைப் பார்.

அக்கா


ஜூலை 21

அக்கா,

செவ்வாய்க்கிழமை அவசரப் பிரிவிலிருந்து ஒரு குழந்தையை அனுப்பினார்கள். ஐந்து வயதுப் பெண். வலது முன்கை வீங்கியிருந்தது. அம்மாவும், பத்துப் பதினொரு வயதில் ஒரு அக்காவும் கூட வந்தார்கள். நீ சொன்னபடி கீழே உட்கார்ந்தேன். "கையை இந்தப் பலகை மேல வெச்சுக்கலாமா? ஃபோட்டோ எடுக்கலாம், சிரிக்கக்கூட வேணாம்" என்றேன். சின்னது அழாமல் வைத்தது. அந்த வலியில் அழாத குழந்தையை நான் பார்த்ததில்லை.

அப்போது, யாரும் ஒன்றும் கேட்காமலே, சுவரோரம் நின்ற பெரிய பெண் சொன்னாள்:

"கட்டில்லருந்து விழுந்துட்டா."

எனக்குக் கை நின்றுவிட்டது. உன் கடிதம் என் பையில்தான் இருந்தது.

படம் வந்தது. புது முறிவு ஒன்று. அதற்குக் கொஞ்சம் மேலே, ஏற்கெனவே ஆறிப்போன இன்னொன்று. நான் மாணவி, எதையும் சொல்ல எனக்கு அதிகாரமில்லை. ஆனால் சீஃப் மேடத்தின் கையைப் பிடித்து இழுத்து வந்து திரையைக் காட்டினேன். அவர் உடனே டாக்டரைக் கூப்பிட்டார். குழந்தையை வார்டில் சேர்த்துக்கொண்டார்கள், குழந்தைகள் நலக் குழுவிலிருந்து விசாரிக்க வருவார்கள் என்றார்கள். சாயங்காலம் நடைவழியில் அந்த அம்மா என் கோட்டைப் பிடித்துக்கொண்டாள். "உனக்கு என்னடி தெரியும்? எங்க வீட்டப் பத்தி உனக்கு என்னடி தெரியும்?" திட்டினாளா கெஞ்சினாளா என்று இன்றுவரை புரியவில்லை. பெரிய பெண் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் சொன்னதும் நீ எழுதியதும் ஒரே வாக்கியம் அக்கா. ஆறு வயதுப் பிள்ளை கட்டிலிலிருந்து விழுந்தால் முதுகுப் பக்கம் அடுத்தடுத்து இரண்டு விலா உடையுமா என்று சீஃப் மேடத்திடம் கேட்டேன். "ரொம்ப அபூர்வம்" என்றார். ஏன் கேட்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்.

நான் சின்னப் பிள்ளை இல்லை. யாரென்று சொல்.

சில்லு


ஆகஸ்ட் 2

சில்லு,

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்காமல் இருக்க, பேக்கரிக்கு எதிரில் தபால் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

உனக்கு ஆறு வயது. பள்ளி விடுமுறை. மதியம் மூன்று மணி. அவர் அப்போது கட்டட வரைபடம் வரையும் வேலையில் இருந்தார். ஒரு பெரிய வரைபடம். மூன்று வாரம் வீட்டில் உட்கார்ந்து முடித்திருந்தார். மறுநாள் ஆபீஸில் கொடுக்க வேண்டும். முகம் கழுவப் போனார். நீ அதன்மேல் சிவப்புப் பென்சிலால் ஒரு பூனை வரைந்தாய். நான் பக்கத்தில்தான் இருந்தேன். தடுக்கவில்லை. பூனை நன்றாக வந்துகொண்டிருந்தது.

அவர் வந்து பார்த்தார். கத்தவில்லை. உன் ஒரு கையைப் பிடித்துத் தூக்கி வீசினார். இரும்புக் கட்டிலின் விளிம்பில் உன் முதுகு மோதியது. அந்தச் சத்தத்தை நான் எழுதமாட்டேன்.

வாடகைக் காரில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே அம்மா சொல்லிக்கொடுத்தாள். "யார் கேட்டாலும் கட்டில்லருந்து விழுந்துட்டான்னு சொல்லு. இல்லன்னா அப்பாவ புடிச்சிட்டுப் போயிருவாங்க. அப்புறம் நமக்கு யாரு இருக்கா?"

அங்கே எக்ஸ்ரே எடுத்தவர் ஒல்லியான மனிதர். அம்மாவை உன்னோடு உள்ளே இருக்கச் சொல்லிவிட்டு வெளியே என்னிடம் வந்தார். தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவர் முகம் என் முகத்துக்கு நேராக இருந்தது.

"தங்கச்சிக்கு என்ன ஆச்சு பாப்பா?"

"கட்டில்லருந்து விழுந்துட்டா."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"வேற ஏதாவது இருந்தாச் சொல்லு. நான் யாரையும் திட்டமாட்டேன்."

காத்துக்கொண்டிருந்தார். அம்மா பக்கத்தில் இல்லை. யாரும் என் கையைப் பிடித்து அழுத்தவில்லை. சொல்லியிருக்கலாம். எனக்குப் பதினொரு வயது, எல்லாம் தெரிந்த வயது. நான் "ஒண்ணுமில்ல" என்றேன். அவர் எழுந்து போனார்.

அன்றைக்குப் பிறகு வீட்டில் அவர் நம் இரண்டு பேர்மேலும் கை ஓங்கியதே இல்லை. அது உண்மை. அதைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா இத்தனை வருடம் ஓட்டினாள். ஆனால் நீ அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு "எங்கப்பா மாதிரி யாரு" என்று சொல்லும்போதெல்லாம் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். பத்தொன்பது வயதில் அம்மாவிடம் கேட்டேன், "சில்லுகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா" என்று. "அவளுக்கு அப்பா வேணும். சொல்றதா இருந்தா நீ இந்த வீட்டுல இருக்காத" என்றாள். நான் கிளம்பிவிட்டேன். சொல்லாமல் கிளம்பினேன். அது இரண்டாவது தடவை.

அம்மா போன அன்று அவர் "உள்ள வாம்மா" என்றார். உள்ளே போனால் சொல்லிவிடுவேன் என்று தோன்றியது. அம்மா கிடக்கும்போது அதைச் சொல்ல முடியுமா? அதனால்தான் திரும்பிவிட்டேன்.

உன்னை வீசியது அவர். மூடி மறைத்தது நான். அந்தப் பெரிய பெண் உன்னைப் பார்த்தாள் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைத் தாண்டி என்னால் இரண்டு நாள் படிக்க முடியவில்லை.

அக்கா


ஆகஸ்ட் 20

அக்கா,

உன் கடிதத்தை உடை மாற்றும் அறையில் நின்றே படித்தேன். பிறகு வெளியே வந்து பதினாறு பேருக்கு எக்ஸ்ரே எடுத்தேன். ஒரு தப்பும் செய்யவில்லை. எல்லோரிடமும் "விடுங்க" என்றும் சொன்னேன். மூஞ்சியை மூட எனக்கும் வந்துவிட்டது போலிருக்கிறது.

அன்று நாலரைக்கு வீட்டுக்குப் போனேன். அவர் கறுப்புக் கண்ணாடியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு வந்தது காய்ச்சலா?" என்று கேட்டேன்.

கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். அப்புறம், "பெரியவ சொல்லிட்டாளா?" என்றார்.

"ம்."

"என்ன சொன்னா?"

"பூனை."

அவர் தலை அப்படியே கவிழ்ந்துவிட்டது. "நல்ல பூனைம்மா அது. மீசையெல்லாம் வெச்சிருந்த" என்றார்.

எனக்கு அதோடு நிறுத்தத் தெரியவில்லை. "அப்புறம் அந்த வரைபடத்த என்ன பண்ணீங்க?" என்று கேட்டேன். "புதுசா வரையச் சொல்லிட்டாங்க. பத்து நாள் டயம் குடுத்தாங்க. உன் பக்கத்துல உக்காந்துதான் வரைஞ்சேன்" என்றார்.

முட்டியில் இருந்த பலகை அதுதான் அக்கா. எனக்காக லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார் என்று பதினாலு வருடம் நினைத்திருந்தேன். அவரைக் கேட்டால் இரண்டுக்குமாகத்தான் என்பார். இருக்கலாம். எது எவ்வளவு என்று எந்தப் படத்திலும் தெரியாது.

கடைசியில், "அன்னிக்கு ஒரு நாள்தாம்மா" என்றார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அடிக்கவும் முடியவில்லை, கட்டிக்கொண்டு அழவும் முடியவில்லை. மணி ஐந்து. சொட்டு மருந்து போடும் நேரம். கண்ணாடியைக் கழற்றி மருந்தைப் போட்டுவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். ஓரத்தில் வழிந்தது மருந்தா வேறா என்று பார்க்காமல் துடைத்தேன்.

இப்போது மாணவியர் விடுதியில் இருக்கிறேன். நெட்டை என்று ஒருத்தி என் அறையில். அவள் கட்டிலுக்கு வெளியே கால் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்த வீட்டுக்குப் போய்ச் சமைத்து வைத்துவிட்டு வருகிறேன். அவர் தனியாகத்தான் இருக்கிறார். அப்பா என்று கூப்பிட வாய் வரவில்லை. "இந்தாங்க", "சாப்பிடுங்க" என்று ஒப்பேற்றுகிறேன். அவர் அதைக் கவனித்துவிட்டார். நான் கிளம்பும்போது தெருமுனை திரும்பும் வரை நிற்கிறார்.

அந்தக் குழந்தைகளைப் பற்றி. விசாரிக்க வந்த அம்மாள் பெரிய பெண்ணைத் தனியே உட்கார வைத்து ஒரு மணி நேரம் பொறுமையாகப் பேசினாராம். சொல்லிவிட்டாளாம். கையை உடைத்தது யார் என்பதை எனக்குச் சொல்லமாட்டார்கள், சொல்லவும் கூடாது. இரண்டு பேரையும் சித்தி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். கட்டு மாற்ற வந்தபோது நடைவழியில் பார்த்தேன். சின்னது கையை ஆட்டியது. பெரியவள் என்னைப் பார்க்காமல் போனாள். நாங்கள் செய்தது சரிதான் என்று சீஃப் மேடம் சொன்னார். சரியான காரியம் செய்தால் மனசு இப்படியா கனக்கும் என்று கேட்டேன். "சில நாள் அப்படித்தாம்மா இருக்கும்" என்றார். முதல் தடவையாக அவர் முகம் திறந்திருந்தது.

அக்கா, அந்தப் பெரிய பெண் என் தோளுக்குக்கூட வரமாட்டாள். பையின் வாரைக் கடித்துக்கொண்டு நடந்தாள். பதினொரு வயது என்றால் அவ்வளவுதான். அவ்வளவு சின்ன ஆளிடம் ஒரு குடும்பத்தைத் தூக்கிக் கொடுத்து, கீழே போடாமல் வைத்துக்கொள் என்று யாரும் சொல்லக் கூடாது. உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. என் போனை எடுக்காத கோபம். அது மட்டும்தான்.

சில்லு


ஆகஸ்ட் 29

சில்லு,

என்னைப் புலி என்று கூப்பிடும் அந்தப் பெண்ணிடம் உன் கடிதத்தைக் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னேன். கண் மங்கிவிட்டது. கடைசிப் பத்திக்கு வந்ததும் அவள் நிறுத்திவிட்டாள். இரண்டு தட்டு பன் கருகிப்போயிற்று.

சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று பதினாலு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இறங்கவில்லை. எனக்குப் பதினொரு வயது வரையாவது ஒரு அப்பா இருந்தார். ஆறு வயதில் உனக்குப் போயிருக்க வேண்டியவர் இருபது வயது வரை இருந்தார். நான்தான் எடுத்துவிட்டேன். உண்மையைச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்பது பைத்தியக்காரத்தனம், தெரியும். ஆனாலும் கேட்கிறேன். அம்மா சொன்னதில் பாதி சரி. உனக்கு ஒரு அப்பா வேண்டித்தான் இருந்தது.

அவரை நான் மன்னிக்கவில்லை. மன்னிப்பேன் என்றும் தோன்றவில்லை. அதை அவரிடம் ஒரு தடவை நேரில் சொல்ல வேண்டும்.

ஆனால் வருவது அதற்காக மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் நீ தனியாக அந்த வீட்டுக்குப் போகிறாய். வாயில் வராத ஒரு சொல்லோடு சமைக்கிறாய், தனியாகத் தெருமுனை வரை நடக்கிறாய். இனி அது கூடாது. மாதா மாதம் இரண்டாவது ஞாயிறு எனக்கு லீவு கேட்டு வாங்கிவிட்டேன். பஸ் பத்தே முக்காலுக்கு வரும் என்றார்கள். நிலையத்துக்கு வந்து நில். அங்கிருந்து சேர்ந்து போகலாம். அவர் முன்னால் எனக்குக் குரல் ஏறினால் என் கையைப் பிடித்துக்கொள். உனக்கு அழுகை வந்தால் நீ வெளியே போய்விடு, அடுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நேற்று உன் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அடிக்கவில்லை. உன் குரலை முதலில் நேரில் கேட்க வேண்டும்.

நாம் பார்த்து ஆறு வருடம் ஆகிவிட்டது, அம்மா போன அன்று பார்த்ததெல்லாம் கணக்கில் சேராது. நீ வளர்ந்திருப்பாய். கூட்டத்தில் என்னை அடையாளம் தெரியாவிட்டால் பதறாதே, அங்கேயே நில். நான் வந்து உன்னைத் தொடுகிறேன்.

அக்கா